மரம் யாருடையது?

சிங்கப்பூருக்கு விற்பதற்கென்று சொந்தக் காடு இல்லை. ஆனாலும் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக இந்தத் தீவு அண்டை நாடுகளின் காடுகளில் விளைந்தவற்றை வாங்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டி, தொலைதூரத் துறைமுகங்களுக்கு அனுப்பி வந்திருக்கிறது. பிரம்பு, அகில், குங்கிலியம், சாம்பிராணி, பறவைக்கூடு, மலைப்பாம்புத் தோல் என்று அந்தப் பட்டியல் நீளும். பிசின்களையும் வாசனைப் பொருள்களையும் இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் ஆவணப் பணி செய்யும் எனக்கு, இந்தப் பொருள்கள் முதலில் எடையாகவும் தரமாகவும் புறப்பட்ட துறைமுகமாகவும்தான் அறிமுகமாகின்றன. அவற்றை விளைவித்தவர்களைப் பற்றி நானாகத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. படிக்கப் படிக்க மனத்தில் உறுதிப்பட்ட ஒரு கருத்தை இங்கே எழுதுகிறேன்.

வளரும் நாடுகளின் உயிர்வளங்களை நியாயமான முறையில் வணிகம் செய்தால், அந்த வளத்தை நம்பி வாழும் ஏழைகளின் வருமானமும் உயரும், காடும் பிழைக்கும் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. நானும் இதை நம்புகிறேன். ஆனால் இந்த வாக்குறுதி எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்று பார்த்தால், சந்தை விலையையும் சான்றிதழையும் விட அடிப்படையான ஒன்று குறுக்கே நிற்பது தெரியும். மரத்தின் மீதும் அது வேரூன்றி நிற்கும் நிலத்தின் மீதும், அதைப் பராமரிப்பவருக்குச் சட்டப்படி உரிமை உண்டா என்பதே அது. உரிமை இல்லாதவரிடம் வணிகம் போய்ச் சேரும்போது காடும் அழிகிறது, அவரும் உயர்வதில்லை.

இதற்கு முதல் சான்று சிங்கப்பூரின் மண்ணிலேயே இருக்கிறது. மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்யப் பயன்படுத்திவந்த கட்டாபெர்ச்சா என்னும் பிசினின் மாதிரிகளை, இங்கு மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் லண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகி, கடல் நீரில் கெடாமல் இருக்கும் அந்தப் பொருள், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அமைந்தது. ஐரோப்பாவின் தேவை பெருகப் பெருக, காடுகளில் இந்தப் பிசினைத் தரும் தாபான் மரங்கள் சாய்க்கப்பட்டன. ரப்பரைப் போல இந்த மரத்தின் பால் கீறலிலிருந்து தாராளமாக வடிவதில்லை. ஆகவே மரத்தை வெட்டி வீழ்த்தி, பட்டையில் வளையம் வளையமாகக் கீறிப் பாலைச் சேகரித்தார்கள். பல பத்தாண்டுகள் வளர்ந்த ஒரு மரத்தில் கிடைத்தது மிகச் சிறிய அளவே. சில ஆண்டுகளுக்குள் இந்தத் தீவில் வெட்டுவதற்குத் தக்க மரங்கள் ஏறத்தாழ இல்லாமற்போயின. வெட்டுபவர்கள் ஜொகூர், சுமத்ரா, போர்னியோ என்று நகர்ந்தார்கள். சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவிலிருந்து இந்த வணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருந்த மலாய்த் தலைவர் தெமெங்கோங் தாயெங் இப்ராஹிம் செல்வந்தரானார். லண்டன் நிறுவனங்கள் செழித்தன. காட்டுக்குள் சென்று வெட்டியவர்கள் அன்று எப்படி இருந்தார்களோ, மரங்கள் தீர்ந்த பிறகும் அப்படியே இருந்தார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது தவறு. தான் விட்டுவைக்கும் மரத்தை மறுநாள் இன்னொருவர் வெட்டிக்கொண்டு போவார் என்று தெரிந்த நிலையில், விட்டுவைப்பதற்கு யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

ரப்பரின் கதை நம்மவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனாலும் அதன் தொடக்கத்தை நினைவூட்டுகிறேன். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் பூமலை எனப்படும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்துக்குக் கேடில்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1910களின் தொடக்கத்திற்குள் ஆசியத் தோட்டங்களின் ரப்பர் அமேசான் காட்டு ரப்பரை விஞ்சிவிட்டது. தன் காட்டிலிருந்து போன விதைகளுக்காகப் பிரேசில் எந்தப் பங்கும் பெறவில்லை. இன்று உயிர்வளச் சட்டங்களைப் பற்றிப் பேசும் எந்த அரங்கிலும் இந்தக் கதை எழாமல் இருப்பதில்லை.

அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் நம் முன்னோர்கள். என் தாத்தாவும் ஜொகூரில் பால்மரம் வெட்டியவர்தான். பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் பால் வடியும், எவ்வளவு சீவினால் மரம் புண்படும் என்பது அவர் விரல்களுக்குத் தெரிந்திருந்தது என்று அப்பா சொல்வார். ஆனால் அவர் வெட்டிய மரமும் அவருடையதல்ல, குடியிருந்த லயமும் அவருடையதல்ல. 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கி, ஆங்கிலேய முதலாளிகள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது, தலைமுறை தலைமுறையாக அந்த மரங்களோடு வாழ்ந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதைக் கண்டு மலாயாவின் அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குத் தொகையைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. உயிர்வள வணிகம் பற்றிய எந்த ஐநா அறிக்கையையும் விட இந்தக் கூட்டுறவு முயற்சி எனக்கு அதிகம் கற்பித்தது. கூலியை உயர்த்தித் தருமாறு கேட்பதோடு நின்றுவிடாமல், மரமே நம்முடையதாக வேண்டும் என்று அன்றைக்கே ஒருவர் எண்ணியிருக்கிறார்.

பன்னாட்டுச் சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் நடைவழித் தொட்டிகளில் பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணி மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டது. புற்றுநோய்க்குத் தரப்படும் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் ஆகிய மருந்துகள் அந்தச் செடியிலிருந்து 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் உருவாயின. இரத்தப் புற்றுநோய் கண்ட எண்ணற்ற குழந்தைகள் அவற்றால் பிழைத்தார்கள். மடகாஸ்கருக்கு அந்த வருவாயில் பங்கு கிடைக்கவில்லை. அன்றைய சட்டத்தில் அதைக் கேட்பதற்கும் இடமில்லை. 1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1993 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த உயிர்ப்பன்மய உடன்படிக்கைதான், ஒரு நாட்டின் உயிர்வளம் அந்த நாட்டின் இறைமைக்கு உட்பட்டது என்பதை எழுத்தில் நிலைநாட்டியது. 1996இல் அங்டாட் எனப்படும் ஐநா வணிக மேம்பாட்டு அமைப்பு உயிர்வள வணிக முயற்சியைத் தொடங்கியது. பயன் பகிர்வை விரிவாக வரையறுத்த நகோயா நெறிமுறை 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் தேவையான முன்னேற்றங்களே. ஆனால் உடன்படிக்கை உரிமையை வழங்கியது நாடுகளுக்கு. காட்டுக்குள் இருக்கும் ஊருக்கு அந்த உரிமை இறங்கி வந்ததா என்பது வேறு கேள்வி.

அகத்தியமலைக் காணிக்காரர்களின் அனுபவத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். கேரளத்திலும், தமிழகப் பக்கம் பாபநாசம் மலையிலும் குமரி மாவட்ட மலைகளிலும் வாழும் பழங்குடியினர் இவர்கள். 1987இல் மலையேறிய ஆய்வாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் நடைப்பயணத்தின்போது சிறு காய்களை மென்றபடி சோர்வின்றி நடப்பதைக் கவனித்தார்கள். அது எந்தச் செடி என்று சொல்ல அவர்கள் முதலில் தயங்கினார்கள்; அந்த அறிவு வெளியாருக்குச் சொல்லப்படுவதில்லை. பின்னர் அவர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையை ஆராய்ந்து, திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூரிலுள்ள ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் உற்பத்தி உரிமை தரப்பட்டது. இரண்டிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று நிறுவனம் தானாகவே முடிவு செய்தது. பணத்தைப் பெறுவதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. அப்போது இந்தியாவில் உயிர்ப்பன்மயச் சட்டமே இல்லை. அது 2002இல்தான் வந்தது. சட்டம் கட்டாயப்படுத்தாத ஒன்றைச் செய்த அந்த ஆய்வாளர்களின் நேர்மையை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்லவேண்டும். மருந்துக்குத் தேவைப்பட்டது இலை. செடி வளர்வதோ காப்புக்காட்டில். காணிக் குடும்பங்கள் அதைப் பயிரிட்டு விற்றால் ஆண்டுதோறும் வருமானம் வரும் என்று திட்டமிட்டார்கள். வனத்துறை அதற்குத் தடை போட்டது. காட்டுச் செடிகள் திருட்டுத்தனமாகப் பறிக்கப்பட்டு அழிந்துவிடும் என்ற அச்சம் அத்துறைக்கு இருந்தது. அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதும் அல்ல. பிற காணிக் குடியிருப்புகளோ, தங்கள் அனைவருடைய அறிவைச் சிலர் மட்டும் எப்படிப் பகிரலாம் என்று கேட்டன. கடைசியில் அறக்கட்டளையிடம் ஒரு தொகை இருந்தது. செடியைத் தொடுவதற்கு உரிமை இல்லை. உலகெங்கும் பாராட்டப்பட்ட இந்தப் பயன்பகிர்வு ஒப்பந்தம் காணிக்காரர்களின் நிலையான வாழ்வாதாரமாக வளராததற்கு, ராயல்டி விகிதத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

இனி சாம்பிராணி. எனக்கு மிக நெருக்கமான சரக்கு இது. சிங்கப்பூரின் இந்தியர் கடைவட்டாரமான தேக்காவின் பூசைப்பொருள் கடைகளில் சாம்பிராணி என்ற பெயரில் பல வகைப் பிசின்கள் கிடைக்கின்றன. கம்ப்யூட்டர் சாம்பிராணியில் பிசின் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. குமஞ்சான் என்று கேட்டு வாங்கினால் வருவது பெரும்பாலும் சுமத்ராவின் சரக்கு. கட்டியை உடைத்துப் பார்த்தால், செம்பழுப்பு நிறப் பிசினுக்குள் பாதாம் பருப்பளவில் வெள்ளைத் துண்டுகள் பதிந்திருக்கும். அந்த வெள்ளைத் துண்டுகளே மரத்திலிருந்து முதல் அறுவடையில் வரும் உயர்தரச் சாம்பிராணி. அவற்றைச் சுற்றியிருக்கும் பழுப்புப் பகுதியில் குங்கிலியம் கலந்திருக்கும். இப்படி உருக்கிக் கலந்து கட்டியாக்கும் வேலை நெடுங்காலம் சிங்கப்பூர் வணிகர்களின் கைத்தொழிலாக இருந்தது. மதிப்புக் கூட்டல் என்று இன்று அறிக்கைகளில் எழுதப்படுவது இதைத்தான். அந்தக் கூடுதல் மதிப்பு மரம் நிற்கும் மலையில் தங்காமல் துறைமுகத்தில் தங்கியது.

மரம் நிற்பது வடசுமத்ராவில், தோபா ஏரியைச் சுற்றிய மலைநாட்டில். அங்குள்ள பாத்தாக் மக்கள் காட்டை முழுவதுமாக அழிக்காமல், பெரிய மரங்களின் நிழலிலேயே சாம்பிராணிக் கன்றுகளை நட்டு வளர்க்கிறார்கள். ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்தபின் முதல் கீறல். கயிற்றின் துணையால் மரமேறி, பாசியும் சொரசொரப்பும் நீங்கப் பட்டையைச் சுரண்டித் துடைத்து, சிறு கத்தியால் வரிசையாகக் குத்திக் காயப்படுத்திவிட்டு இறங்கிவிடுவார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே பிசின் ஊறி இறுகச் சுமார் மூன்று நான்கு மாதங்கள் ஆகும். பிறகு மீண்டும் ஏறி, பட்டையோடு பெயர்த்தெடுத்துத் தரம் பிரிப்பார்கள். முதல் அறுவடைக்குப் பிறகு கசிவது நிறம் மங்கியும் பட்டைத் துகள் கலந்தும் இருப்பதால் விலை குறையும். அவர்களுடைய மரபுக் கதையில் இந்த மரம் ஒரு பெண். ஆகவே கத்தி வைப்பதற்கு முன் மரத்துக்குப் படையல் வைக்கும் வழக்கமும் உண்டு. பல பத்தாண்டுகள் பலன் தரும் இந்த முறையில், காடு காடாகவே நிற்கிறது.

பேரன் பேத்திகளுக்குப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையால்தான் ஒருவர் ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்கிறார். அந்த நம்பிக்கையைத்தான் அரசின் வரைபடம் உடைத்தது. பாண்டுமான், சிப்பிதுஹுத்தா ஆகிய இரண்டு ஊர்களின் சாம்பிராணிக் காடுகள், காகிதக்கூழுக்கு யூகலிப்டஸ் வளர்க்கும் நிறுவனம் ஒன்றுக்கு அரசு உரிமம் தந்த நிலத்துக்குள் வந்துவிட்டன. 2009இல் மரங்கள் வெட்டப்பட்டபோது ஊர்மக்கள் திரண்டு தடுத்தார்கள். பின்வந்த ஆண்டுகளில் ஊர்க்காரர்கள் பலர் கைது செய்யப்பட்டார்கள். வழக்கப்படி மக்களுக்கு உரிய காடு அரசுக்காடு ஆகாது என்று இந்தோனேசிய அரசியலமைப்பு நீதிமன்றம் 2013 மே மாதம் தீர்ப்பளித்தது. 2016 டிசம்பர் 30 அன்று அதிபர் ஜோக்கோ விடோடோ ஒன்பது சமூகங்களின் மரபுக்காட்டு உரிமையை அங்கீகரித்தபோது அவற்றுள் இந்த ஊர்களும் இருந்தன. இறுதி ஆணை 2021 தொடக்கத்தில்தான் கைக்கு வந்தது. பெண்கள் முன்வரிசையில் நின்று நடத்திய இந்தப் போராட்டத்தின் ஆண்டுகள் முழுவதும் சாம்பிராணி வணிகம் நடந்துகொண்டுதான் இருந்தது. வாங்குபவர்கள் பக்கத்திலிருந்து எந்தத் தரச்சான்றும் இந்தப் பிரச்சினையைத் தொடவில்லை என்பது, இந்தத் துறையில் இருக்கும் எனக்கு வேதனையளிக்கிறது.

உரிமை கிடைத்துவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. சாம்பிராணியின் விலை குறையும்போது, மலையில் இளைஞர்கள் மரமேறுவதைக் கைவிட்டுக் காப்பி பயிரிடுகிறார்கள் அல்லது நகரத்துக்குப் போகிறார்கள். விலைக்கும் பங்கு உண்டு. தென்கிழக்காசிய மலைப்பாம்புத் தோல் வணிகம் பற்றிப் பன்னாட்டு வணிக மையம் 2012இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தோனேசியக் கிராமவாசி 30 அமெரிக்க டாலருக்கு விற்கும் தோல், ஐரோப்பியக் கடையில் 15,000 டாலர் கைப்பையாக மாறுகிறது என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அந்த வழியில் சிங்கப்பூர் ஒரு முக்கிய நிறுத்தம். இன்னொரு தடை, வாங்கும் நாடுகளின் விதிகள். 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த புதுவகை உணவு விதி, ஆண்டிஸ் மலைமக்கள் தலைமுறைகளாக உண்டுவந்த விளைபொருள்களையும் ஐரோப்பாவுக்குப் புதியவை என்று கருதி, சிறு உற்பத்தியாளர்களால் தாங்க முடியாத ஆய்வுச் செலவைச் சுமத்தியது. மரபு உணவுகளுக்கு 25 ஆண்டுகள் பாதுகாப்பாக உண்ணப்பட்ட வரலாற்றைக் காட்டி அனுமதி பெறும் எளிய வழி 2018இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த இருபது ஆண்டுகளில் சந்தையை இழந்தவர்களுக்கு யாரும் ஈடு செய்யவில்லை.

வணிகமே வேண்டாம், எல்லாவற்றையும் தடை செய்துவிடலாம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு ஓரளவு உடன்படுகிறேன். 2019 ஏப்ரலில் நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குச் சென்ற சரக்குகளில் ஒரே வாரத்துக்குள் 25 டன்னுக்கும் மேற்பட்ட எறும்புத்தின்னிச் செதில்கள் இங்கு பிடிபட்டன. அந்த வணிகத்துக்கு நியாயமான வடிவம் என்று ஒன்று இருக்க முடியாது. ஆனால் தடை மட்டும் இருந்து மலையில் வேலை இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதைச் சேஷாசலக் காடுகள் காட்டின. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்டு, 2015 ஏப்ரல் 7 அன்று தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். கடத்தலின் பெரும்பணம் வேறெங்கோ சேர்ந்தது. குண்டடி பட்டவர்கள் கூலிகள்.

சிங்கப்பூர் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு, இந்த நாடு ஏற்கெனவே எடுத்த ஒரு முடிவிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். 2014இல் இங்கு நிறைவேறிய எல்லைகடந்த புகைமூட்டச் சட்டம், வெளிநாட்டில் காட்டுக்குத் தீ வைத்து இங்கே புகைமூட்டத்தை உண்டாக்கும் நிறுவனங்களைப் பொறுப்பேற்கச் செய்கிறது. சுமத்ராவில் நிலத்தை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது நம் சட்டத்துக்கு உட்பட்ட செய்தி என்பதை நாம் அப்போதே ஒப்புக்கொண்டுவிட்டோம். மூச்சுக்குப் பொருந்தும் அந்த நியாயம் நாம் வாங்கும் சரக்குக்கும் பொருந்தவேண்டும். அருகிவரும் இனங்களின் பட்டியலில் உள்ள அகிலுக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் இங்கே சரக்கு இறங்க முடியாது. அந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. ஆனால் பட்டியலில் இல்லாத பிசின்களுக்கும் பிரம்புக்கும் எந்த ஊர், யாருடைய காடு என்ற கேள்வியே எழுவதில்லை.

நான் பணிபுரியும் இடத்தில் அண்மையில் அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். வடசுமத்ராவின் மேடான் நகரிலுள்ள தரகர்களில் சிலர் ஊர்ப்பெயரைத் தருகிறார்கள். வேறு சிலர், பல ஊர்ச் சரக்கு கிடங்கிலேயே கலந்துவிடுகிறது, பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார்கள். ஊர்வாரியாகத் தனித்தனியே மூட்டை கட்டி வைத்தால் அதற்குக் கூடுதல் இடமும் ஆளும் வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. தரகர் ஏற்றால் அவர் அதை விவசாயியின் விலையிலிருந்துதான் கழிப்பார். ஆகவே இறக்குமதி செய்யும் நாங்களும், தேக்காவில் சில்லறைக்கு விற்கும் கடைகளும் அதைப் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று நான் வாதாடி வருகிறேன். கூடுதல் செலவைக் கட்டி ஒன்றுக்குக் கணக்கிட்டால் காசுகளில்தான் வருகிறது. இந்தத் துறையில் இருக்கும் மற்ற நிறுவனத்தாரும் இதைப் படிக்க நேர்ந்தால், தங்கள் தரகர்களிடம் அதே கேள்வியைக் கேட்கும்படி வேண்டுகிறேன். ஒரே ஒரு நிறுவனம் கேட்டால் தரகர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார், எல்லோரும் கேட்டால் மூட்டையில் ஊர்ப்பெயரை எழுதித்தான் ஆகவேண்டும்.